செர்காம் மாமாவின் பட்டன்

பாஸ் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். எதிரில் நான் அவனை வாங்க போங்க என்பேன். இங்கே அவன் என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்து எழுதக் கை வரவில்லை.

மலாக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவன் ஆபீஸ். கீழே டயர் கடை. மாடியில் ஐந்து பேர். போனில் ஓடும் ஆப் செய்து கொடுக்கிற வேலை. நான் அங்கே போனது தமிழ் டைப் பண்ண. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம், அப்புறம் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று வரைக்கும். அதோடு சரி. மற்றவர்கள் எல்லாம் டிகிரி படித்தவர்கள். ஆனால் தமிழில் ஒரு வரி தப்பில்லாமல் அடிக்க அங்கே ஆள் இல்லை. அதனால் என்னை எடுத்தார்கள்.

அதற்கு முன்னால் பதினொரு வருஷம் பேனர் கடையில் இருந்தேன். கோயில் திருவிழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கடைப் பலகை எல்லாம் அடுக்குவேன். கடைப் பலகையில் மலாய் எழுத்துதான் பெரிதாக இருக்க வேண்டும், அது கவுன்சில் சட்டம். அதனால் மலாயை முதலில் வைப்போம். மீதி இருக்கிற இடத்தில் தமிழ். இடம் பத்தாவிட்டால் தமிழ் எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து நசுக்குவோம். ஒல்லியாகிவிடும். யாரும் குறை சொன்னதில்லை. பத்தடிக்கு நாலடி பேனர் என்றால் எந்தத் தெருவில் கட்டினாலும் பத்துக்கு நாலுதான்.

போன் அப்படி இல்லை. இது எனக்குப் புரிய நாள் ஆனது.

திரை அடுக்குகிற பையன் ஒருவன் ஆபீஸில் இருந்தான். அவன் சிங்கப்பூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். பாதி வேலை நின்றது. பாஸ் விளையாட்டாகச் சொன்னான்.

“அக்கா, நீங்கதான் பேனர் அடுக்குன ஆளாச்சே. இதையும் அடுக்கிப் பாருங்களேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பேனர் மாதிரியே செய்தேன். இடது ஓரத்திலிருந்து இவ்வளவு, மேலே இருந்து இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். என் போனில் அழகாக இருந்தது. ஆபீஸில் படம் வரைகிற மலாய்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் போனில் போட்டால் அடிப்பக்கம் வெட்டுப்பட்டது. பெரிய டேப்லெட்டில் எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவிந்தது, மழைக்கு ஒதுங்கின கூட்டம் மாதிரி.

“பேனர் இல்ல லா கா இது,” என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள் அவள். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. அவள்தான் எனக்கு வீடியோ தேடிக் கொடுத்தாள். இங்கிலீஷ் வீடியோ. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். பேச்சு பாதி புரியாது. கை செய்வது புரியும்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். திரையில் ஒன்றை வைக்கும்போது நம்பர் சொல்லக் கூடாது. யாருக்குப் பக்கத்தில் யார் என்று சொல்ல வேண்டும். நீ இவருக்குக் கீழே நில். உன் சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு அகலம் எடுத்துக்கொள். இடம் பத்தாவிட்டால் அடுத்த வரிக்கு இறங்கு. நீங்கள் இரண்டு பேரும் இருக்கிற இடத்தைப் பாதிப் பாதி வைத்துக்கொள்ளுங்கள். நீ மட்டும் என்ன நடந்தாலும் அடியிலேயே நில், நடுவில் இருக்கிறவர்கள் மேலேயும் கீழேயும் நகர்ந்து கொள்ளட்டும். இப்படிச் சொல்லி விட்டுவிட்டால் சின்ன போன், பெரிய போன், மூன்று மொழி, எதுவானாலும் அதுவே அடங்கிக்கொள்ளும். இதை ஃபிளெக்ஸ் என்பார்கள். வளைந்து கொடுக்கிற அடுக்கு. நான்கு மாதத்தில் கை பழகிவிட்டது.

அப்போது ஒரு சங்கத்து வேலை வந்தது. கிட்னி போனவர்களை ரத்தம் கழுவ ஏற்றிப் போகும் சங்கம். மூன்று வேன் ஓடுகிறது. யார் நாளைக்கு வருகிறார்கள் என்று தினமும் போன் அடித்துக் கேட்டுக் களைத்துப் போனார்கள். ஒரு ஆப் வேண்டும் என்றார்கள். நோயாளி முதல் நாளே ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் வேன் வீட்டுக்கு வரும். அவ்வளவுதான் ஆப்.

அந்தத் திரைகளை நான்தான் அடுக்கினேன். மேலே பெயர். அதன் கீழே தேதி, நேரம், எந்த நிலையம். அடியில் பட்டன். மலாயில் பட்டனுக்கு ‘ஹாடிர்’, ஒரே சொல். தமிழில் ‘வருகையை உறுதி செய்க’, மூன்று சொல். பெயருக்கு என் பெயரையே போட்டுப் பார்த்தேன். ஐசி அடையாள அட்டையில் உள்ளபடி என் பெயர், நடுவில் இன்னார் மகள் என்கிற எழுத்து, அப்புறம் அப்பா பெயர். முப்பத்தெட்டு எழுத்து. நம் ஆட்களின் பெயர் அப்படித்தான், அப்பாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கும். போன் எழுத்தை ஆகப் பெரிதாக வைத்துப் பார்த்தேன். பெயர் மூன்று வரி ஆனது. நடுப்பகுதி விரலால் தள்ளினால் உருண்டு கொடுத்தது. பட்டன் அடியில் அசையாமல் நின்றது, தானும் இரண்டு வரியாகி.

எனக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

சங்கத் தலைவர் பார்க்க வந்தார். தபால் ஆபீஸில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பாஸ் திரைகளைக் காட்டினான்.

“முழுக்க நானே உக்காந்து பண்ணது தலைவரே. யார்கிட்டயும் குடுக்கல.”

நான் இரண்டு மேஜை தள்ளி இருந்தேன். தலைவர் என்னைப் பார்த்து, “இவங்க?” என்றார்.

“டைப் பண்ற அக்கா.”

தலைவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு.

அதோடு விட்டிருந்தால் நான் விழுங்கியிருப்பேன். அவன் விடவில்லை. தலைவர் போனபிறகு திரையில் கை வைத்தான். காலி இடம் அதிகமாக இருக்கிறதாம். மேலே பெரிய வேன் படம் வேண்டுமாம். மலாய்ப் பெண்ணிடம் படம் வரையச் சொல்லி, அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே எல்லாவற்றையும் நம்பர் போட்டு ஆணி அடித்தான். உருளுகிற நடுப்பகுதியை எடுத்துவிட்டான். அவனுடைய போன் புதுசு, பெரிசு. மொழி மலாய். அவன் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே ஒரு வரியைக்கூட நிரப்பாது. பட்டனை ‘ஹாடிர்’ என்ற சொல்லுக்கு அளந்து வைத்தான். பேனர் கடையில் நாங்கள் செய்த அதே வேலை. மலாயை வை, மீதியில் தமிழை நசுக்கு. பேனரில் நசுக்கினால் எழுத்து ஒல்லியாகும். போனில் காணாமல் போகும்.

ஒரு தடவை சொன்னேன். “பாத்துக்கலாம்கா” என்றான். இரண்டாம் தடவை ஆபீஸ் போன் ஒன்றில் எழுத்தைப் பெரிதாக வைத்துக் காட்டினேன். பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டிருந்தது. “யாருக்கா இவ்ளோ பெருசா வப்பாங்க” என்றான். மூன்றாம் தடவை எல்லாரும் இருந்தார்கள்.

“பாஸ், தமிழ்ல வச்சிருக்கிற பெரியவங்களுக்குப் பட்டன் தெரியாது. வேன் வராது.”

அவன் நாற்காலியைத் திருப்பினான்.

“அக்கா, நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?”

“படிவம் மூணு.”

“அப்ப அதோட நிறுத்திக்குங்க லா.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. எல்லாரும் அவரவர் திரையைப் பார்த்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் கூப்பிட்டான். “இப்பல்லாம் மொழிபெயர்ப்ப கம்ப்யூட்டரே பண்ணிருது. உங்களச் சிரமப்படுத்த வேணாம்னு பாக்குறேன் அக்கா.” நான் சரி என்றேன். தண்ணீர் போத்தலையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் ஸ்டாப்பில் நின்று போனை எடுத்து, அந்த ஆப் தானாக மாறாதபடி நிறுத்தி வைத்தேன். நான் அடுக்கின பழைய திரை என் போனில் அப்படியே இருக்கட்டும் என்று. நல்ல எண்ணத்தில் செய்ததில்லை அது.

மஸ்ஜித் தானா என்கிற ஊரில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் வேலை கிடைத்தது. பாரம் நிரப்பித் தருவது, நகல் எடுப்பது, லேமினேட் போடுவது. மோட்டாரில் போய் வருவேன். போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. அவனை எங்கே நிறுத்துவது, எந்த வார்த்தை சொல்வது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே பேசிப் பார்த்திருக்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

சங்கத்து வாட்ஸ்அப்பில் என் நம்பர் இன்னும் இருந்தது. டெஸ்ட் பண்ணும்போது சேர்த்தது, யாரும் எடுக்கவில்லை. அதில் அறிவிப்பு வந்தது. வரும் திங்கள் முதல் ஆப் மட்டும்தான். போன் அடிக்க வேண்டாம். பட்டன் அமுக்காதவர்கள் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். அந்த வாரக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம். ஆப்பைச் செய்தவர் வந்து விளக்குவார்.

தலைவர் நம்பர் அங்கேயே இருந்தது. ஒரு போன் போதும். தலைவரே, இந்த ஆப் தமிழில் வேலை செய்யாது, கொஞ்சம் நிறுத்துங்க என்று ஒரு வரி.

நான் அடிக்கவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். மண்டபம் வேண்டும், ஆட்கள் வேண்டும், அவன் மைக் பிடித்து நிற்க வேண்டும். அந்த இடத்தில் வைத்துத்தான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். போனில் சொன்னால் அவன் சத்தமில்லாமல் சரி செய்துகொண்டு போய்விடுவான். அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. செர்காமிலிருந்து ஒரு அத்தை. எங்கள் தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்தவர்கள். தோட்டம் விற்றபிறகு கடல் பக்கம் போய்விட்டார்கள். அவர் வீட்டுக்காரர் தோட்டத்து லாரி ஓட்டினவர். நான் மாமா என்பேன். மூன்று வருஷமாக ரத்தம் கழுவுகிறார். செவ்வாய், வியாழன், சனி.

“வியாழக்கெழம வேன் வரல்லம்மா. வாசல்லயே உக்காந்திருந்தாரு. வெள்ளிக்கெழம மூச்சு முட்டிருச்சு. மக வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. இப்பத்தான் வீட்டுக்கு வந்தோம். நீதான அந்த ஆப்புல வேல செஞ்ச, என்னான்னு வந்து பாக்குறியா?”

கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மஸ்ஜித் தானாவிலிருந்து செர்காம் மலாக்காவைத் தாண்டி அந்தப் பக்கம். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஹெல்மெட்டுக்குள் அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

மாமா நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் வீங்கி மினுமினுத்தது. கையில் கட்டு. என்னைப் பார்த்ததும் போனைத் தூக்கிக் காட்டினார்.

“வா வா. பட்டனத் தேடிக்கிட்டு வந்தியா? இங்கதான் எங்கயோ வச்சேன்.”

வாங்கிப் பார்த்தேன். பழைய போன். எழுத்து ஆகப் பெரிது. மொழி தமிழ். மேலே வேன் படம் பாதித் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் கீழே அவர் பெயர் பாதி. அதன் கீழே தேதி. அதோடு திரை முடிந்தது.

“என் பேரப் பாரு,” என்றார். “எங்கப்பன வெட்டிட்டானுங்க. செத்து முப்பது வருசம் ஆச்சு, இப்ப வந்து வெட்டுறானுங்க.”

“கீழ தள்ளிப் பாத்தீங்களா மாமா?”

“தள்ளுனேன், இழுத்தேன், தேச்சேன். வெரலு தேஞ்சதுதான் மிச்சம். வேன் படம் மட்டும் ஜோரா இருக்கு. வாசல்லதான் வேனக் காணோம்.”

அத்தை சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். மகள் தன்னுடைய போனில் மலாயில் வைத்து அமுக்கியிருக்கிறாள். வியாழனுக்கு அவள் வேலைக்குப் போய்விட்டாள். இவர் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

“சங்கத்துக்குப் போன் அடிக்க வேண்டியதுதானே மாமா?”

“போன் அடிக்காதீங்கன்னு அவங்கதான சொன்னாங்க. அடிச்சா நமக்குத் தெரியலன்னு நெனப்பாங்க. எதுக்குன்னு விட்டுட்டேன்.”

அந்தப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். தெரியவில்லை என்று சொல்வதைவிட வாசலில் உட்கார்ந்திருப்போம்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டினவர், எதிரில் வருகிறதைப் பார்த்துப் பழகின கண்.

“இது இப்பிடி இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“போன மாசத்துலேருந்து. மூணு தடவ சொன்னேன் மாமா. கேக்கல. வேலய விட்டு நிறுத்திட்டான்.”

“அவன்கிட்ட சொன்ன. தலைவர்கிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“ஏன்?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். “நாளைக்குக் கூட்டம். எல்லார் முன்னாடியும் காட்டணும்னு வச்சிருந்தேன்.”

அத்தை சமையல்கட்டுக்குள் போய்விட்டார். மாமா போனை மடியில் வைத்தார். வெளியே யாரோ வலை காயப் போட்டிருந்தார்கள், அதையே பார்த்தார்.

“என் ரத்தத்த வச்சு பந்தயம் கட்டியிருக்க லா நீ.”

நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“கூட்டம் எத்தன மணிக்கு?” என்றார்.

“பத்து மணிக்கு.”

“மகள காரோட வரச் சொல்றேன். நானும் வர்றேன். ஒனக்காக இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எண்பது பேர் இருப்பார்கள். முன்னால் மேஜையில் மீகூன் சாப்பாட்டுப் பொட்டலம் அடுக்கியிருந்தது. பாஸ் பூப்போட்ட பத்தேக் சட்டை போட்டிருந்தான். அவன் போன் திரையைப் பெரிய சுவரில் காட்டினான். மலாய், புதுப் போன், வேன் படம் அவ்வளவு அழகாக விழுந்தது. “ஒரே ஒரு பட்டன் அங்கிள், ஆண்டி. கண்ண மூடிக்கிட்டே அமுக்கலாம்” என்றான். கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவன் பார்க்கவில்லை.

மாமா எழுந்தார். மகள் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றார். நாற்காலி நாற்காலியாகப் பிடித்து முன்னால் போனார்.

“தம்பி, என் போன்லயும் கொஞ்சம் அமுக்கிக் காட்டுங்க. கண்ணு மூட வேணாம், தொறந்துகிட்டே அமுக்குங்க.”

சிரிப்பு எழுந்தது. பாஸும் சிரித்துக்கொண்டே வாங்கினான். ஒரு தடவை தள்ளினான். இன்னொரு தடவை தள்ளினான். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

“அங்கிள், எழுத்த ரொம்பப் பெருசா வச்சிருக்கீங்க. சின்னதாக்குனா வந்துரும்.”

“சின்னதாக்குனா பட்டன் வந்துரும். எனக்குக் கண்ணு போயிருமே தம்பி.”

“மொழிய மலாய்ல மாத்திக்குங்களேன்.”

“எதுக்கு? தமிழ்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது சும்மா காட்சிக்கா?”

நடுவரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். “எனக்கும் இப்பிடித்தான். பேரன்தான் அமுக்குறான். நான் என் போன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.” இன்னும் இரண்டு பேர் போனைத் தூக்கிக் காட்டினார்கள். தலைவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

“வியாழக்கெழம நீங்க வரலன்னு எழுதியிருந்துச்சு,” என்றார் மாமாவைப் பார்த்து.

“வரல. வாசல்ல இருந்தேன். வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரியில இருந்தேன்.”

தலைவர் பாஸைப் பார்த்தார். பாஸ் துண்டு எடுத்து நெற்றியைத் துடைத்தான். அப்போது அவன் சொன்னது எனக்குக் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

“தலைவரே, தமிழ்ப் பக்கம் நான் பண்ணலீங்க. எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா இருந்தாங்க. அவ்ளோவா படிக்காதவங்க. அவங்க செஞ்ச தப்பு இது. அதான் வேலய விட்டே நிறுத்துனோம்.”

நான் எழுந்து நின்றேன். ஹெல்மெட்டுக்குள் பேசிப் பார்த்த எந்த வார்த்தையும் வேண்டியிருக்கவில்லை. நடந்து போனேன். அவன் என்னைப் பார்த்தபோது வாய் கொஞ்சம் திறந்தது. அந்த முகத்தைத்தான் நான் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்தது. நிதானமாகப் பார்த்தேன்.

“போன தடவ இவர் என்ன சொன்னாரு தலைவரே?” என்றேன்.

தலைவர் யோசித்தார். “முழுக்க நானே பண்ணேன், யார்கிட்டயும் குடுக்கலன்னாரு.”

“அன்னைக்கு அவர் காட்டுனது இதுதான்.” என் போனை மேஜையில் வைத்தேன். எழுத்து ஆகப் பெரிது, மொழி தமிழ். என் பெயர், அப்பா பெயர், மூன்று வரி. அடியில் பட்டன். ‘வருகையை உறுதி செய்க.’ பக்கத்தில் மாமாவின் போனை வைத்தேன். “இது நீங்க பாத்துட்டுப் போனப்புறம் அவரு மாத்துனது.”

தலைவர் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நடுவரிசை அம்மா முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். “இதுல தெரியுதே!” என்றார் சத்தமாக. அப்புறம் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பாஸ் மைக்கைக் கீழே வைக்க மறந்து பிடித்தபடியே நின்றான். அவனை யாரும் திட்டவில்லை. அவனைச் சுற்றி வந்து போனைப் பார்த்துவிட்டு, அவனைச் சுற்றியே திரும்பிப் போனார்கள்.

தலைவர் அறிவித்தார். ஆப் சரியாகும்வரை பழையபடி போன் அடிக்கலாம். அப்புறம் என்னிடம் கேட்டார், “நீங்க சரி பண்ணித் தருவீங்களாம்மா?”

“நான் பண்ண மாட்டேன். அவரே பண்ணட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்.”

திங்கள்கிழமை லீவு போட்டுவிட்டு ஆபீஸ் போனேன். மாடியில் எல்லாரும் இருந்தார்கள். அவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மலாய்ப் பெண் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

“மேலேருந்து ஆரம்பிங்க,” என்றேன். “நம்பர் எங்க இருக்கோ எல்லாத்தையும் எடுங்க.”

“எடுத்தா கலஞ்சிரும் அக்கா.”

“கலையட்டும்.”

எடுத்தான். நாற்பத்து மூன்று நம்பர். ஒவ்வொன்றையும் நான் வாய்விட்டு எண்ணினேன். எண்ண வேண்டிய அவசியம் இல்லை. எண்ணினேன். எல்லாம் எடுத்தபிறகு திரையில் வேன் படமும் பெயரும் பட்டனும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. அவனுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. அவன் கேட்கட்டும் என்று இருந்தேன். ரொம்ப நேரம் ஆனது.

“அடுத்து என்னக்கா?”

“சத்தமா கேளுங்க.”

கேட்டான். எல்லாருக்கும் கேட்டது. அப்புறம் சொன்னேன். மேலிருந்து கீழாக ஓர் அடுக்கு. வேன் படம் சின்னதாகட்டும், இடம் இல்லாவிட்டால் அதுவே முதலில் ஒதுங்கட்டும். பெயர் எத்தனை வரி ஆனாலும் முழுசாக வரட்டும். நடுப்பகுதி மிச்ச இடம் முழுக்க எடுத்துக்கொண்டு உருளட்டும். பட்டன் அடியில் நிற்கட்டும், சொல் நீண்டால் உயரட்டும். சொல்லச் சொல்ல அடித்தான். நடுவில் இரண்டு இடத்தில் தப்பாக அடித்தான். தப்பு என்று மட்டும் சொன்னேன், எங்கே என்று சொல்லவில்லை. அவனே தேடினான்.

சாயந்திரம் நான்கு மணிக்கு முடிந்தது. ஒன்பது போனில் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பட்டன் நின்றது. ஒவ்வொரு போனிலும் அவனையே அமுக்கச் சொன்னேன். சாயந்திரமே புதுத் திரை எல்லார் போனுக்கும் போய்விட்டது.

கிளம்பும்போது படி வரைக்கும் வந்தான்.

“திரும்ப வேலைக்கு வர்றீங்களா அக்கா?”

“இல்ல.”

“என் மேல கோவம்னா எனக்கு நேரா போன் அடிச்சுத் திட்டியிருக்கலாம். அந்த அங்கிளுக்கு அப்பிடி ஆயிருக்காது.”

“மூணு தடவ சொன்னேன்.”

“வெளிய போனப்புறம் சொல்லலியே.”

அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அது அவன் வாயிலிருந்து வந்ததால் அப்படியே இறங்கிவிட்டேன். அவனை நான் மன்னிக்கவில்லை. அன்றைக்குப் போதும் என்றும் தோன்றவில்லை. இன்னும் நூறு நம்பர் இருந்திருந்தால் நூறையும் எடுக்க வைத்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வேலைக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் செர்காமுக்கு மோட்டாரை விட்டேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டு, துண்டு மடித்து, பை எடுத்து வைத்து. நான் வேலிக்கு வெளியே நின்றேன்.

“பட்டன் தெரிஞ்சுச்சா மாமா?”

“தெரிஞ்சுச்சு.”

“பேரு முழுசா வந்துச்சா?”

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முக்கில் வேன் திரும்பியது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்தான். மாமா எழுந்து, என்னைத் தாண்டி, வேன் படியில் ஒரு கால் வைத்தார். கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பாமலே சொன்னார்.

“வேன் வருது. நீ வராத.”

கதவு மூடியது. வேன் போனபிறகு அத்தை வந்து ஏதாவது சாப்பிட்டுப் போ என்றார். வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் நான் செர்காம் போகவில்லை.